ரயில்வே கேட்டில்

ரயில்வே கேட் மூடியிருந்ததால் ஆம்புலன்ஸ் நின்றது. தொடையில் வெட்டுப்பட்டுக் கிடந்தவனின் காயத்துக்குள் வலது கையைத் திணித்து, ரத்தக்குழாயை எலும்போடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தாள் நர்ஸ் தில்லைக்கரசி. பின்கதவு படாரென்று திறந்தது. வெட்டியவன் பைக்கில் துரத்தி வந்திருந்தான். கையில் அதே அரிவாள்.

“கைய எடுங்கக்கா. உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“எடுத்தா ரெண்டு நிமிசத்துல செத்துருவான். கொன்னது நான்னு ஆயிரும்.”

அவன் அரிவாளை அவள் மணிக்கட்டில் வைத்தான். அதன் பிடியிலிருந்து ரத்தம் சொட்டுவதை அப்போதுதான் அவள் கவனித்தாள். வெட்டும்போது பிடி வழுக்கி, அரிவாளின் வாய் அவன் உள்ளங்கையையே பிளந்திருந்தது.

“உன் கையப் பாரு. நரம்பு அறுந்து கெடக்கு. இப்படியே விட்டா இனி இந்தக் கையால சோறு அள்ள முடியாது. ஏறி உக்காரு.”

அவன் குனிந்து பார்த்தான். பார்த்த பிறகுதான் வலித்திருக்க வேண்டும். அரிவாள் வண்டித் தரையில் நழுவி விழ, ஏறி எதிர் இருக்கையில் சரிந்தான். அவள் பஞ்சுப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, இடது கையால் அவன் உள்ளங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

ரயில் கடந்தது. அதுவரை உறைந்துபோயிருந்த டிரைவர் முகையன் வந்து கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார். குலுக்கலில் படுத்திருந்தவன் கண் விழித்தான். எதிரே இருப்பது யாரென்று தெரிந்ததும் அவன் விரல்கள் ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கித் தரையைத் துழாவின. தில்லைக்கரசிக்கு இரண்டு கையும் ஒழியவில்லை. அரிவாளைக் காலால் மிதித்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் என்னைய மட்டும் பாருங்க” என்றாள்.