இடக்கைத் துப்பாக்கி

விஸ்கான்சினில் மான் வேட்டை தொடங்கிய மறுநாள், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் போகும் வெர்னின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

"இடக்கைக்காரனுக்கான துப்பாக்கி ஒண்ணு வேணும்."

வெர்ன் சிரித்தார். "அஞ்சு வருஷமா தலைபாடா அடிச்சுக்கிட்டேன் தம்பி. வலக்கைத் துப்பாக்கிய இடது தோள்ல வச்சுச் சுட்டா, சூடான காலித் தோட்டா மூஞ்சிக்கு முன்னால பறக்கும்னு. கேட்டியா? நேத்து மூஞ்சில பட்டுதாக்கும்?"

"படல. வலப்பக்கம் போய் விழுந்துச்சு."

"அங்கதான் உன் பொண்டாட்டி பிரிட்டா உட்கார்ந்து தொப்பியில பிடிச்சிருவாளே! ஒண்ணுகூடத் தவறவிட்டதில்லன்னு போன வருஷம் என்னா பீத்தல்!"

புதுத் துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல காலித் தோட்டா இடப்பக்கம் பறக்கும். அவள இனிமே இந்தப் பக்கம் உட்காரச் சொல்லு."

"பிரிட்டாவ மார்ச் மாசம் அடக்கம் பண்ணிட்டோம்."

வெர்ன் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தார்.

"நேத்து காலித் தோட்டா அவ உட்கார்ற பலகைமேல விழுந்து உருண்டுச்சு. அந்தச் சத்தத்த அதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல," என்றேன். "இன்னொரு தடவ அதக் கேட்க என்னால தாங்காது."