தினமும் மழுங்கும் கத்தி

“அம்மா! அப்பாவோட கத்தியை வெச்சுக்கிட்டு என்ன பண்றே?”

மகளிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள் அம்மா. ஒரு கையில் கண்ணாடி டம்ளர். இன்னொரு கையில் மடக்குச் சவரக் கத்தி. டம்ளர் விளிம்பில் கத்தியின் கூர் பக்கத்தை வைத்து, கர்ரக் கர்ரக்கென்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுமில்லடி... சும்மா துடைக்கிறேன்.”

“துடைக்கிற சத்தமா இது? டம்ளரை வெச்சு யாராவது கத்தியைத் துடைப்பாங்களா?”

மகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, பட்டறை ஆட்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த கத்தி அது. லேத் மிஷினில் இரும்பு கடையும் உளிகளைத் தீட்டித் தீட்டியே தலை நரைத்தவருக்கு வேறு என்ன கொடுப்பார்கள்? மனிதரும் புது மாப்பிள்ளை மாதிரி அதைக் கொண்டாடினார்.

மத்தியானத் தூக்கம் கலைந்ததும் பால்கனியில் ஈரச் சாணைக்கல்லோடு உட்கார்ந்துவிடுவார். கத்தியைக் கல்லில் படுக்கப் போட்டுத் தள்ளுவார், திருப்புவார், இழுப்பார். தீட்டி முடித்து மடக்கி வைத்துவிட்டு நடக்கக் கிளம்புவார். காலையில் கதவுக் கொக்கியில் தோல் வாரை மாட்டி, கத்தியை அதில் இப்படியும் அப்படியும் தடவுவார். கன்னத்துத் தோலை எப்படி இழுத்துப் பிடிப்பது என்று செல்போனில் ஒருவன் சொல்வதை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு குளியலறைக்குள் போவார்.

வெளியே வரும்போது தினமும் ஒரே பாட்டுத்தான். “இன்னிக்கும் மொக்கை. ஒரு முடி வெட்டலை. பழைய பிளாஸ்டிக் ரேசர்லதான் முடிச்சேன்.”

“ஊருக்கெல்லாம் உளி தீட்டினவருக்கு ஒரு கத்தி தீட்ட வரலையான்னு நானும் சேர்ந்து கிண்டல் பண்ணினேனேம்மா!” மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எல்லாம் உன் வேலைதானா? அவர் ஆசையா ஒண்ணு கத்துக்கறது உனக்குப் பொறுக்கலையா?”

“அப்பாவுக்கு நான் ஏன் அரை டம்ளர் காபி ஊத்தறேன், தெரியுமா?”

“ஏன்?”

“முழுசா ஊத்தினா தளும்பும். கை நடுங்குதுடி. என்னங்கன்னு கேட்டா, குளிருதுங்கறார். வெயில் மண்டையைப் பிளக்குது, இவருக்குக் குளிருதாம்!” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “அந்தக் கையால கழுத்துல கத்தியை வைக்கப் போறார். எனக்கு ஈரக்குலை நடுங்குது.”

மகள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

“வேண்டாம்னு நேராச் சொல்லிடேன்.”

“நூலளவு பிசகாத கைன்னு பட்டறையே சொன்ன கைடி. உங்களுக்குக் கை நடுங்குது, கத்தியைக் கீழ வைங்கன்னு நான் சொல்லணுமா? என் வாயில வராது.”

“அதுக்காக? மொக்கைன்னு சொல்லிட்டு வெளிய வர்றவர் மனசுக்குள்ள என்ன நினைப்பார்? கைத்தொழிலே மறந்துபோச்சேன்னு எவ்வளவு நொந்துபோயிருப்பார்! நடுங்குற கையைவிட அது பெரிய வலி இல்லையா?”

சுருக்கென்று தைத்தது அம்மாவுக்கு. இத்தனை நாள் இதை யோசிக்கவே இல்லையே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் அவர் தீட்டி வைத்துவிட்டு நடக்கப் போனபோது, அவள் டம்ளரைத் தொடவில்லை. தலைமுடி ஒன்றைப் பிடுங்கிக் கத்தியில் வைத்துப் பார்த்தாள். வைத்ததும் இரண்டாக விழுந்தது. ஆனாலும் கத்தியை மடக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

காலையில் தோல் வாரில் கத்தி தடவும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுப்பில் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் குளியலறை வாசலில் போய் நின்றாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். அதற்கு மேல் தாங்கவில்லை.

“என்னங்க! கதவைத் திறங்க! அந்தக் கத்தி வேண்டாங்க!”

கதவு திறந்தது. பாதி முகத்தில் நுரை. மீதி முகம் மழமழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. அவர் கையில் பிளாஸ்டிக் ரேசர். கத்தி மடக்கினபடியே அலமாரித் தட்டில் கிடந்தது.

“எதுக்கு இப்படிக் கத்தறே? பொண்ணு முழிச்சுக்கப் போறா.” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “நேத்து டம்ளர்ல தேய்க்க மறந்துட்டியா?”

“உ... உங்களுக்கு எப்படி...”

“கண்ணாடியில தேய்ஞ்ச கூர் எப்படி இருக்கும்னு தெரியாமலா இத்தனை வருஷம் உளி தீட்டினேன்?” ரேசர் பிடித்த கையைத் தூக்கிக் காட்டினார். அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. “இந்தக் கையை வெச்சுக்கிட்டு அதை நான் கழுத்துல வைப்பேனா?”

“அப்புறம் எதுக்குங்க தினமும் உட்கார்ந்து தீட்டறீங்க?”

“கல்லுல வெச்சு அழுத்திட்டா கை ஆடறதில்லடி. அந்தக் கொஞ்ச நேரம் என் பழைய கையாவே இருக்கு.” மடக்கிய கத்தியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “மத்தியானத்துக்குள்ள மறக்காம மழுங்கடிச்சு வெச்சிடு. இல்லேன்னா இன்னிக்கு நான் எதைத் தீட்டறது?”