கொப்பியில் இல்லாத குறை

“வந்திட்டான் பாருங்கோ, ஓசிக் குடிக்கு!”

பெல் சத்தம் கேட்டதும் சரோஜினிதேவி முணுமுணுத்தார். வெள்ளவத்தையில் ஆறாம் மாடி வீடு. கதவைத் திறந்தால் அந்த மாடிக் கட்டடத்தின் வாச்சர் அழகுமுத்து. ஞாயிறு மத்தியானம். காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையைப் படிய வாரிக்கொண்டு நின்றார்.

உள்ளே சரோஜினிதேவியின் கணவர் கனகசபாபதி போத்தல் மூடியைத் திறந்து கிளாசில் ஊற்றிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே போட்ட பியர்.

மகன் சாரங்கன் தொடங்கின வேலை அது. வாளி, குழாய், மூடி அடிக்கிற சாமான் எல்லாம் அவன் வாங்கி வைத்தவை. எட்டு மாதத்துக்கு முந்தி மோட்டார் சைக்கிளில் போன பிள்ளை பெட்டியில்தான் வந்தான். வாளிக்குள் அவன் போட்ட பியர் பாதியில் கிடந்தது.

அதுவரை பியரில் ஒரு சொட்டும் வாயில் வைத்தறியாத தகப்பன், மகன் செய்முறை எழுதி வைத்த கொப்பியைப் பார்த்துப் பார்த்துத் தானே போடத் தொடங்கிவிட்டார். சரியாக வந்தால் முதல் போத்தல் மகன் படத்துக்கு முன்னால் படைக்க வேணும் என்பது அவருடைய பிடிவாதம்.

“குடிச்சுப் பார்த்துச் சொல்லும், அழகுமுத்து.”

அழகுமுத்து முந்தி ஒரு பியர்க் கம்பனியில் இருபது வருசம் போத்தல் கழுவினவர். அதனால் தீர்ப்புச் சொல்கிற வேலை அவருக்கு. ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார்.

“இன்னும் சரியில்லீங்கய்யா. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை அடிக்குது.”

கனகசபாபதி கொப்பியைப் புரட்டினார். “ஓம் ஓம், இஞ்ச எழுதியிருக்கிறான். காத்துப் பட்டால் அப்பிடி வருமாம். போத்தலுக்கு மாத்தேக்க நான்தான் கவனிக்கேல்லை.”

சரோஜினிதேவிக்குப் பொறுக்கவில்லை.

“போன முறை வாழைப்பழ மணம் எண்டீர். வெக்கை கூடிப்போச்சு எண்டு இந்த மனுசன் வாளியை ஐஸ் தண்ணிக்குள்ள வைச்சுக் காவல் இருந்தது. அதுக்கு முந்தி ஆசுபத்திரி மணம், பைப் தண்ணியில மருந்து கூடவாம். அதுக்கும் முந்தி வினாகிரி. உமக்கிருக்கிறது மூக்கோ, இல்லாட்டிக் கஸ்டம்ஸ் நாயோ?”

அழகுமுத்து சிரிக்கவில்லை. கிளாசில் மிச்சத்தையும் குடித்து முடித்துவிட்டு எழும்பிப் போனார். சரோஜினிதேவி பின்னாலேயே லிஃப்ட் வரைக்கும் போய் மறித்தார்.

“நில்லும். சாரங்கனோட வேலை செய்த பிள்ளை டில்ஷானி போன கிழமை வந்தவள். நீர் வாழைப்பழ மணம் எண்டு சொன்ன பியரைத்தான் குடுத்தனான். குறையே இல்லை ஆன்ட்டி எண்டு அழுதவள். ஏன் பொய் சொல்லுறீர்? மூண்டு கிழமைக்கொருக்கா ஓசியில குடிக்கவோ?”

அழகுமுத்து லிஃப்ட் பொத்தானை அமுக்கினார்.

“மொட்டை மாடியையும் பூட்டித் திறப்பை இடுப்பில கொழுவிக்கொண்டு திரியிறீர். ஒரு உடுப்புக் காயப்போட வழியில்லை. கொமிட்டிக்குச் சொல்லி உம்மை நிப்பாட்டுறன் பாரும்!”

“நிப்பாட்டுங்கம்மா. ஆனா அந்தப் பூட்ட மட்டும் தெறந்துறாதீங்க.”

“ஏன்?”

அழகுமுத்து வீட்டுப் பக்கம் ஒருக்கால் பார்த்தார். குரலைத் தணித்தார்.

“தம்பியோட முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்ச மறுநா, தண்ணி டேங்க் பாக்க மேல போனேன். ஐயா கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தாரு.”

சரோஜினிதேவி திரும்பித் தன் வீட்டுக் கதவைப் பார்த்தார்.

“கிட்டப் போனா குதிச்சிருவாரு. என்ன பேசுறதுன்னே தெரியல. ‘தம்பி போட்ட பியரு பாதியில கெடக்கே, அத யாருங்கய்யா முடிக்கிறது’ன்னு கேட்டேன். திரும்பி என்னப் பாத்தாரு. அப்புறம், ‘சரி, அதைச் சரியாப் போட்டு அவனுக்குப் படைச்சிட்டுத் திரும்ப இஞ்சயே வாறன்’னு சொல்லிட்டுத்தான் இந்தப் பக்கம் ஏறினாரு.”

லிஃப்ட் வந்து திறந்தது. ஒருவரும் ஏறவில்லை. மூடிக்கொண்டு போனது.

“என்னட்டை ஏன் சொல்லேல்லை?”

“சொல்லாதேன்னு கையெடுத்துக் கும்பிட்டாருங்கம்மா.”

அழகுமுத்து தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். “எனக்கு மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. கொரோனாவோட போச்சு. மொத தடவையே ஐயா அந்தக் கொப்பிய எங்கிட்ட காட்டினாரு, அதுல தம்பி எழுதி வச்ச குறைங்கள ஒவ்வொன்னா சொல்லிட்டு வந்தேன். மொத்தம் எட்டு. இன்னைக்கு அட்டைப்பெட்டியோட முடிஞ்சிருச்சு. அடுத்த தடவைக்கு எங்கிட்ட ஒன்னுமில்லைங்க.”

சரோஜினிதேவி வீட்டுக்குள் வந்தபோது கனகசபாபதி மகன் படத்துக்கு முன்னால் நின்றார். கையில் இன்னொரு கிளாஸ்.

“சரோ, எனக்கெண்டால் இது சரியாத்தான் கிடக்கு. அழகுமுத்துக்குத்தான் பிழைச்சுப் போச்சுப் போல. இதையே பிள்ளைக்கு வைச்சிடுவம்.”

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. எட்டு மாதமாய் அந்த முகத்தில் காணாத நிம்மதி.

சரோஜினிதேவி கிளாசைப் பறித்து வாயில் வைத்தார். அறுபத்திமூன்று வயதில் முதல் மிடறு. லேசாகக் கசந்து, குளிராக, நல்லாய்த்தான் இறங்கியது.

முகத்தைச் சுளித்தார்.

“சீ! செப்புக் காசை வாய்க்குள்ள போட்ட மாதிரிக் கிடக்கு. இதையோ என்ர பிள்ளைக்கு வைக்கப் போறியள்?”

கனகசபாபதி திடுக்கிட்டுக் கொப்பியை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துத் தேடினார்.

“அப்பிடி ஒண்டு அவன் எழுதேல்லையேயப்பா.”

“அப்ப நீங்கள் எழுதுங்கோ.” பேனையை எடுத்து அவருடைய கைக்குள் வைத்து அழுத்தினார். “ஒன்பது எண்டு நம்பர் போட்டு எழுதுங்கோ. கீழ பத்தாவதுக்கும் இடம் விடுங்கோ.”