அசல் சரக்கு

தையல்காரர் புதுக் கடை திறக்கப்போகிறார். பெயர்ப்பலகை விளக்குகளை எரியவைக்க ஒரு பவர் சப்ளை பெட்டி வேண்டும்.

"இவர் செஞ்சு தர்றேங்கறார் அண்ணா," என்றாள் தங்கை.

"யாரு, உன் புருஷனா? செத்த கம்ப்யூட்டர் வயித்தைக் கிழிச்சு பவர் சப்ளை பிடுங்கறவனா? பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்தாத்தான் அதுக்கு உயிர் வருமாம். சேர்க்க ஒரு துண்டுக் கம்பிக்கு வக்கில்லாம, நான் உனக்கு வாங்கித் தந்த நீல முத்துக் கொண்டை ஊசியை உருவறான்! அந்தக் குப்பை என் கடைக்கா?"



தையல்காரர் பெரிய கடையில் பளபளவென்று ஒரு பெட்டி வாங்கிவந்தார். வெளிநாட்டுச் சரக்கு என்று அங்கே சத்தியமே செய்தார்களாம். திறப்பு நாளில் பலகை ஜகஜ்ஜோதியாக எரிந்தது.

"எங்கே நம்ம விஞ்ஞானி? அசல் சரக்கு உள்ளே எப்படி இருக்கும்னு வந்து பார்க்கச் சொல்லு!" வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் மூடியைக் கழற்றினார்.

பச்சை ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே ஒரு கொண்டை ஊசி. அதன் நுனியில் நீல முத்து.

"பெரிய கடைக்குப் பெட்டி செஞ்சு போடறதே இவர்தான்," என்றாள் தங்கை. "என் ஊசியை உருவிக்கட்டுமா அண்ணா, இல்லே பலகை எரியட்டுமா?"