வரைபடத்தில் இல்லாத வழி

நகரத்துக்கு வெளியே பொட்டல் காட்டில் ஒரு துணைநகரம் எழும்பியது. அதன் பூங்கா வாசலில் நின்ற வரைபடப் பலகைக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். எந்தத் தெரு எங்கே போகிறது என்பதெல்லாம் அதன் நெஞ்சில்தானே எழுதியிருந்தது.

ஒருநாள் புள்ளி என்ற வெள்ளாடு பூங்காப் புல்வெளியில் குறுக்கே நடந்தது.

"நில்லு. அங்கே பாதை கிடையாது. பஸ் நிறுத்தத்துக்குப் பூங்காவைச் சுத்தித்தான் போகணும்," என்றது பலகை.

"அவ்வளவு தூரம் யார் நடக்கிறது ஐயா? நிறுத்தத்துக்குப் பக்கத்துல அகத்தி தழைச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு ஆடு போயே விட்டது.

மறுநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய டீச்சர் ஒருவர் ஆட்டின் பின்னாலேயே போனார். அடுத்த வாரம் தெருவே அந்த வழியில் போனது. புல் தேய்ந்து செம்மண் தடம் விழுந்தது. பலகையை நின்று பார்ப்பவர் யாருமில்லை. அதற்கு வயிறு எரிந்தது.

ஒரு காலையில் அதிகாரிகள் வந்து தடத்தை அளந்தார்கள். தடத்தை மூடப்போகிறார்கள், ஆடு தொலைந்தது என்று பலகை குஷியானது. அவர்களோ அந்தத் தடத்திலேயே கல் பதித்து, பலகையின் வரைபடத்திலும் அந்த வழியை ஒரு கோடாக வரைந்துவிட்டுப் போனார்கள்.

பெயின்ட் காய்ந்தது. ஆடு வந்ததும் பலகை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பார்த்தியா? இந்த வழியை நான் ஆரம்பத்துலயே யோசிச்சு வச்சிருந்தேன்."

"அப்படியா ஐயா?" என்ற ஆடு, எதிர்மூலையைப் பார்த்தது. "அந்தப் பக்கம் எப்படிப் போறதாம்?"

பலகை கொஞ்சம் யோசித்தது.

"நீ முதல்ல நடந்து காட்டு. சொல்றேன்."