ஆறு ஆடுகள்

"ஆட்டை வெட்டும்மா! உன் ஆளுங்க பட்டினி கிடக்கிறாங்க, நீ மரத்தையே பார்த்துட்டிருக்கே!"

மகள் ஐல்சா தோளுக்குப் பின்னால் நின்று கத்தினாள். மொய்ரா அவசரமாக மவுஸை அழுத்தினாள். திரையில் ஒரு குடியானவன் ஓடிப்போய் ஆட்டை வெட்டினான்.

அறுபத்தெட்டு வயதில் ராஜ்யம் ஆள வேண்டும் என்று அவள் தலையில் எழுதியிருந்தது. ஆரம்பத்தில் கையில் இருப்பது ஒரு மண்டபம், மூன்று குடியானவர்கள், ஆறு ஆடுகள். இதை வைத்துக்கொண்டு ஊரை வளர்த்து, படை திரட்டி, எங்கிருந்தோ விளையாடும் முகம் தெரியாத இரண்டு பேரை ஜெயிக்க வேண்டும். கூட்டாளி டெஸ். கடலுக்கு அப்பால், மேற்கு ஆஸ்திரேலியாவில் தனியாக இருப்பவர்.

இந்தப் பக்கம் விளையாடுவது தன் நண்பன் லாக்லன் என்று டெஸ் நினைத்துக்கொண்டிருந்தார். மொய்ராவின் புருஷனான அந்த லாக்லனைச் சொந்த ஊரான சவுத்லாந்து மண்ணில் அடக்கம் செய்து ஒன்பது வாரம் ஆகிவிட்டது.

"டெஸ்ஸோட இதய ஆபரேஷன் முடியற வரைக்கும் நான் போனதைச் சொல்லிடாதே" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார் லாக்லன். "தெரிஞ்சா, ஆபரேஷனே வேணாம்னு படுத்துடுவான். பொண்டாட்டி செத்தப்போ அப்படித்தான் பண்ணினான். சனிக்கிழமை நாலு மணிக்கு என் பேர்ல நீ உட்காரு."

இருவரும் இளவயதில் கொட்டகை கொட்டகையாகப் போய் ஆட்டு ரோமம் கத்தரித்தவர்கள். அந்த யந்திர இரைச்சலில் டெஸ்ஸுக்குக் காது போய்விட்டது. அதனால் போன் பேச்சே கிடையாது. திரையின் அடியில் தட்டிக்கொள்வதுதான் பேச்சு. பொய் சொல்ல அது வசதியாக இருந்தது.

ஆனால் மொய்ராவுக்கு இந்த விளையாட்டில் அரிச்சுவடிகூடத் தெரியாது. பத்தொன்பது வருடமாகப் புருஷன் பக்கத்தில் டீயை வைத்துவிட்டுத் திரும்பியவள், ஒருநாள்கூடத் திரையை எட்டிப் பார்த்ததில்லை. ஐல்சாதான் இணையத்தில் தேடி, முதலில் ஆடு, பிறகு மரம், பிறகு வீடு என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுத்தாள்.

முதல் வாரம் டெஸ் கேட்டார்: "டேய் கிழவா, ஆடெல்லாம் எப்படி இருக்கு?"

"ஆறையும் வெட்டியாச்சு" என்று மொய்ரா பெருமையாக அனுப்பினாள்.

ஐந்து நிமிடம் பதிலே இல்லை. லைன் போய்விட்டது என்று தாயும் மகளும் நினைத்தார்கள். பிறகு வந்தது. "சரி. ரெண்டு பேரை மரத்துக்கு அனுப்பு. வீடு கட்ட மறந்துடாதே."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே நச்சரிப்புதான். சுரங்கத்துக்கு ஆள் போடு, வேலியை அடை, சும்மா நிற்கிறவனை எழுப்பு.

"அப்பாவையும் இப்படித்தான் மேய்ச்சிருப்பாரா இந்த மனுஷன்?" என்று ஐல்சா முறைப்பாள்.

"உடம்புக்கு முடியாதவர்டி. சொல்லிட்டுப் போகட்டும்."

இன்று ஒருநாள் தாண்டினால் போதும். திங்கட்கிழமை ஆபரேஷன்.

பதினேழாவது நிமிடம் எதிரியின் குதிரைப்படை வந்தது. ஈட்டிக்காரர்களுக்குச் சேர்த்த மரத்தையெல்லாம் மொய்ரா வயல் போடச் செலவழித்திருந்தாள். குடியானவர்கள் சிதறி ஓடினார்கள்.

"போச்சு! உங்க அப்பா இப்படியா கோட்டை விடுவார்? டெஸ் கண்டுபிடிச்சிடுவார்டி!"

"மணியை அடி! எல்லாரையும் மண்டபத்துக்குள்ளே கூப்பிடும்மா!"

மணியை அடித்தாள். அதற்குள் பக்கத்துக் காட்டுக்குள்ளிருந்து டெஸ்ஸின் ஈட்டிக்காரர்கள் கும்பலாக வந்து குதிரைகளை மறித்தார்கள். அவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. மொத்தப் படையும் இங்கே நிற்க, அங்கே காவலில்லாத டெஸ்ஸின் ஊர் எரிந்துகொண்டிருந்தது.

"உன் ஊர் எரியுதே!" என்று தட்டினாள்.

"எரிஞ்சா எரியட்டும். உன் ஊர் நிக்கணும். நானூறு உணவு அனுப்பியிருக்கேன், ஆளுங்களைக் கவனி."

அந்தச் சாப்பாட்டில் மொய்ராவின் ஊர் மறுபடி எழுந்தது. படை பெருகியது. அரைமணி நேரத்தில் எதிரிகள் தோல்வியை ஒப்புக்கொண்டு வெளியேறினார்கள்.

மொய்ரா நாற்காலியில் சாய்ந்தாள். கண்ணீர் தானாக வழிந்தது.

"தாண்டிட்டோம்டி. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாமப் பார்த்துக்கிட்டோம். உங்க அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்திட்டேன்."

ஆட்டம் முடிந்ததும் சொல்ல வேண்டிய மரியாதை ஒன்று உண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் தட்டினாள். "நல்ல ஆட்டம். திங்கட்கிழமை தைரியமாப் போயிட்டு வா."

டெஸ் வெகுநேரம் எதையோ தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். கடைசியில் வந்தது.

"போயிட்டு வர்றேன். பொழைச்சு வந்தா அதே சனிக்கிழமை, அதே நாலு மணி, நீங்களும் வந்து உட்காருங்க. அப்போ ஆட்டுல கை வைக்காம, புதர்ல இருக்கிற பழத்தைப் பறிச்சு ஆரம்பிங்க. ஆயுசு பூரா ஆட்டை அணைச்சுப் பிடிச்ச கைன்னு சொல்லி, பத்தொன்பது வருஷத்துல லாக்லன் இந்த விளையாட்டுல ஒரு ஆட்டைக்கூட வெட்டினதில்லை, மொய்ரா."