நாலாம் நிலை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், வெளிமாநிலத்திலிருந்து வரும் தொழிலாளிக்கு முதல் நாளே காதில் ஒரு கருவி மாட்டுவார்கள். அவருக்குப் புரியும் தமிழையும் அதைவிட ஒரு படி கடினமான தமிழையும் மட்டுமே அது உள்ளே விடும். மற்றதெல்லாம் மௌனம். மொழித் தேர்வில் தேறத் தேறக் கருவியின் நிலையும் ஏறும்.

ஒடிசாவிலிருந்து வந்த ஜுனு தையல் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. சூப்பர்வைசர் மயில்சாமி கையை வீசி வீசித் திட்டுவதில் அவள் காதுக்கு எட்டியவை "வா", "உக்காரு", "சாப்ட்டியா" மட்டும்தான். அவரைப் பார்த்துச் சிரிக்கும் ஒரே ஆள் அவள்.

"ஜுனுவுக்கு நாளைக்கு நாலாம் நிலைங்க. இனி திட்டெல்லாம் கேக்கும்," என்றாள் மொழிப் பயிற்சியாளர் கோகிலவாணி.

மயில்சாமி பதறினார். "பெயில் போட்டுருங்க அம்மணி. என்னை அண்ணான்னு கூப்பிடறது அவ ஒருத்திதானுங்க."

"நூத்துக்கு நூறு வாங்கியிருக்கா. எப்படிங்க போடறது?"

மறுநாள் ஜுனு ஒரு காலரைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். மயில்சாமி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"பரவால்ல கண்ணு, பிரிச்சுத் தை," என்றார்.

ஜுனுவின் முகம் வாடிவிட்டது.

"அவ்வளவுதானா அண்ணா? தினமும் எவ்வளவு நேரம் பேசுவீங்க! அதைக் கேக்கத்தான் இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சேன்."